ககனமாறனின் முதுகுத்துண்டு

சிவப்பு. அதுவும் லேசுப்பட்ட சிவப்பா, மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாய்ப்பழச் சிவப்பு. மங்கை ஃபோனில் அந்தச் சின்னக் காட்சியை மறுபடியும் ஓடவிட்டாள். மலை உச்சியில் இடுப்பில் கை வைத்து நிற்கிறான் ககனமாறன். காற்று அடிக்கிறது. முதுகில் முடிந்திருக்கிற துணி படபடவென்று பறக்கிறது, சிவப்பாக. காலையிலிருந்து எத்தனை தடவை பார்த்தாயிற்று, ஒரு தடவையாவது அது பச்சையாகித் தொலைக்கக்கூடாதா? தொலைக்கவில்லை. மேசைமேல் அவள் வரைந்த ககனமாறன் கிடக்கிறான், அதே மலை, அதே இடுப்பு, அதே காற்று, முதுகுத்துண்டு மட்டும் குளத்துப் பாசி நிறத்தில். மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். படத்தின் மூலையில் மங்கை என்று கையெழுத்துப் போடுவாள். எந்த ஆபீஸிலும் மாதச் சம்பளத்துக்கு உட்காராமல், வருகிற வேலையை வாங்கி ஆதம்பாக்கம் மாடிவீட்டின் இந்த ஒரே மேசையில் வரைந்து கொடுத்துப் பிழைப்பவள். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்த ககனமாறன் சீரியலை ஒரு கம்பெனிக்காரர்கள் தூசி தட்டிப் பளபளப்பாக்கித் திரும்ப வெளியிடப் போகிறார்கள், அதற்குப் போஸ்டர் போட இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்க இவளைத் தேடிப் பிடித்தார்கள். பெரிய வேலைதான். பஸ் ஸ்டாப் எல்லாம் இவள் படம் நிற்கும். காலையில் அந்தக் கம்பெனிப் பெண் அக்ஷதா வாய்ஸ் மெசேஜ் போட்டாள்: "மேம், இங்க எல்லாரும் ஃபிளாட் மேம், செம. ஒரே ஒரு சேஞ்ச். கேப் ரெட் மேம், நீங்க கிரீன் போட்டிருக்கீங்க. ஒரிஜினல் கிளிப் அனுப்பியிருக்கேன் பாருங்க. நாலு மணிக்கு பிரின்ட்டுக்குப் போகுது. ரெட் இல்லன்னா எங்க சைடுல பாஸ் ஆகாது மேம், சாரி." அவ்வளவுதான் விஷயம். சிவப்பாக்கு, அனுப்பு, காய்ந்துபோன அந்த ரசம்சாதத் தட்டைக் கழுவு, படு. ஆனால் கை போகமாட்டேன் என்கிறது. அந்தப் பாசி நிறத்தைச் சொன்னது அண்ணன். அதைக் கழுவி எடுத்துவிட்டால் அண்ணன் தனக்குக் கொடுத்ததையே கழுவி எடுத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம்.

ஃபேன் ஓடவில்லை. வண்ணம் பூசும்போது மங்கை ஃபேனை நிறுத்திவிடுவாள், காற்று பட்டால் குவாஷ் நொடியில் காய்ந்து வரிவரியாகப் போய்விடும். குவாஷ் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலருக்கு அக்கா முறை, விலை மட்டும் மாமியார் முறை. சென்னை வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து கழுத்து வேர்வை முதுகில் இறங்க வரைவதற்குத் தனி பிடிவாதம் வேண்டும், அது அவளிடம் நிறையவே உண்டு. இந்தக் குவாஷில் ஒரு இம்சை, பச்சை மேலே சிவப்பைப் பூசினால் அடியில் இருக்கிற பச்சை ஊறி மேலே வந்து இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். முதலில் ஈரப் பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கவேண்டும், துணியால் ஒற்றவேண்டும், காகிதம் வெளுக்கும்வரை. அப்புறம்தான் புது நிறம். ஆக, எடுத்தால் எடுத்ததுதான். கம்ப்யூட்டரில் வரைகிற பிள்ளைகள் இதற்கெல்லாம் உட்கார்ந்து யோசிக்கமாட்டார்கள், ஒரு தட்டு, சிவப்பு, இன்னொரு தட்டு, பழைய பச்சை. அவளுக்கு அந்த வசதி வேண்டாம் என்று இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது அனுபவிக்கட்டும்.

இந்த நிறங்களால்தான் அவளுக்கு ஒரு பெயரே வந்தது. 'பழைய ஞாயிறு' என்று ஒரு வரிசை ஆரம்பித்தாள், விளையாட்டாகத்தான். பபிள்கம் காகிதத்தில் வந்த கராத்தே வீரன், வீடியோ கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பேய்ப்படத்துக் கதாநாயகி, உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கமாக இந்தியிலிருந்து தமிழுக்கு வந்த சீரியல்களின் ராஜாக்கள், அறுந்த கேசட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றுகிற பெல்பாட்டம் ஹீரோ. ஒவ்வொன்றாக இணையத்தில் போடப்போட ஜனம் குவிந்தது. ஒரு பாட்டுக் குழு டீஷர்ட்டுக்குக் கேட்டது. ஒரு காபிக் கடைக்காரர் சுவர் முழுக்க, டபரா செட்டோடு உட்கார்ந்திருக்கும் ரோபோவை வரையச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிறம்: வைக்கோல், பாசி, காய்ந்த புளி, நடுவில் கண்ணைப் பறிக்கிற நீலம், கண்ணைப் பறிக்கிற மஞ்சள். சிவப்பு மருந்துக்கும் கிடையாது. ஒருவர் எழுதினார், மங்கையின் உலகத்தில் ரத்தம்கூடப் பழுப்பாக ஓடுகிறது என்று. பேட்டியில் கேட்டார்கள், ஏன் இப்படி? "ஞாபகத்துக்குச் சிவப்பு தெரியாதுங்க" என்றாள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அது. சொன்னபிறகு தனக்கே அசந்துபோய் ஒரு வாரம் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஞாபகமாம், தெரியாதாம்! உண்மை என்ன? உண்மை, அந்த நிறமெல்லாம் அண்ணன் திருநாவுக்கரசு சொன்னது. அவளைவிடப் பெரியவன், பொன்மலை ரயில்வே காலனியில் அரைக்கால் டவுசரோடு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னது.

அப்போது அவர்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி, இழுத்து மூடுகிற கதவோடு. அப்பா ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், வாங்கிவந்த அன்றைக்குத் தேவாரம் பாடிச் சூடம் காட்டித்தான் கதவைத் திறந்தார். கலர் டிவி இருந்தது அடுத்த தெருவில் டிக்ரூஸ் ஆன்ட்டி வீட்டில். ஆன்ட்டி நல்ல மனுஷி, காலனிப் பையன்கள் யார் வந்தாலும் ஹாலில் உட்காரச் சொல்லுவாள். ஆனால் வாசலில் பிரின்ஸ் கட்டியிருக்கும், மங்கையைவிட உயரமான நாய். ஒரே ஒரு தடவை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போனாள், பிரின்ஸ் ஒரு குரல் கொடுத்தது, அங்கேயே பாவாடையை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தவள்தான். அதற்கப்புறம் ஏற்பாடு இப்படி ஆனது. ககனமாறன் ஆரம்பிக்கிற நேரம் இவள் வீட்டில் கறுப்பு வெள்ளையில் பார்ப்பாள், அவன் அங்கே கலரில் பார்ப்பான். முடிந்த கையோடு ஓடிவருவான். செருப்புச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். இவள் போன மாதத்துக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, கிரேயான் டப்பாவைத் திறந்துவைத்துக் காத்திருப்பாள். "சொல்லு, சொல்லு, முதுகுத்துண்டு என்ன கலரு?" அவன் கண்ணை மூடி யோசிப்பான். சும்மா பச்சை என்று சொல்லமாட்டான். "நம்ம குளத்துல ஓரமா ஒதுங்கிக் காயும்ல பாசி, அது. கொஞ்சம் கறுத்த பாசி." அரக்கன் மூஞ்சி? "வைக்கோல்." அரண்மனைத் திரை? "பழைய புளி." பெல்ட்டு? "மஞ்சள்டி, தகதகன்னு மஞ்சள்." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பூசுவாள். உலகத்திலேயே கலரில் டிவி பார்த்த இரண்டாவது ஆள் தான்தான் என்ற எண்ணம் அவளுக்கு. அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, இன்றைக்கு எத்தனை ஆயிரம் பேர் இதயம் போட்டாலும் அதற்கு ஈடாகவில்லை.

பொய். பொய்தான் சொல்லியிருக்கிறான் படவா. மங்கைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வெறிகொண்டு கலக்கினாள். கீழ்வீட்டில் மோட்டார் போட்டார்கள், அது உறுமத் தொடங்கியது, தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ இறங்கிக் கண்ணாடி ஜன்னலை உலுக்கிவிட்டுப் போனது. பெரியவன் என்று நம்பினாளே. நாய்க்கு இவனும்தான் பயந்திருப்பான், உள்ளேயே போயிருக்கமாட்டான், டிக்ரூஸ் வீட்டு மதில் பக்கம் உட்கார்ந்து வசனத்தை மட்டும் கேட்டுவிட்டு, வரும் வழியில் குளத்தைப் பார்த்திருப்பான், சரி, பாசி. வைக்கோல் வண்டி போயிருக்கும், சரி, வைக்கோல். அப்படித்தான் இருக்கும். இதை நம்பி இவள் ஊருக்கெல்லாம் படம் போட்டு, அதற்குத் தத்துவம் வேறு சொல்லி, நாளைக்கு ஒரிஜினல் வெளியானதும் ஜனம் என்ன சொல்லும், மேடம் சீரியலே பார்க்கலை போல, பார்க்காமலேயே ஏக்கமாம் என்று சொல்லும். ஆனால் கேக்? கேக் என்று ஒன்று நினைவில் வந்து மாட்டிக்கொண்டது. ஞாயிறுதோறும் டவுசர் பையிலிருந்து பாதிக் கேக் எடுத்துத் தருவான், பை நூலெல்லாம் ஒட்டியிருக்கும், முந்திரியை அவனே நோண்டித் தின்றிருப்பான். ஆன்ட்டி உள்ளே வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்குத்தான் கேக் கொடுப்பாள். மதில்மேல் இருப்பவனுக்கு யார் கொடுப்பார்கள்? அப்படியானால் போயிருக்கிறான். உட்கார்ந்திருக்கிறான். பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் பாசி என்று சொன்னானா?

ஃபோன் மினுங்கியது. அக்ஷதா. 'மேம் எனி அப்டேட்?' மங்கை அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள், உடனே மனசு கேட்காமல் நிமிர்த்தினாள், பதில் போடவில்லை, காட்சியை ஓடவிட்டாள். இந்த முறை முதுகுத்துண்டைப் பார்க்கக்கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டு மற்றதைப் பார்த்தாள். வானம் நீலம். அண்ணன் சொன்னது நீலம். சரி. பெல்ட் மஞ்சள், தகதகவென்றுதான். சரி. காலில் பூட்ஸ் கருநீலம், அவன் "இங்க் கொட்டின மாதிரி" என்று சொன்னான், அப்பழுக்கில்லாமல் சரி. அரக்கன் வருகிறான். மூஞ்சி பச்சை, இலைப் பச்சை. அண்ணன் வைக்கோல் என்றான். தப்பு. திரை குங்குமச் சிவப்பு. அவன் புளி என்றான். தப்பு. மறுபடியும் முதலிலிருந்து. நீலம் சரி, மஞ்சள் சரி. சிவப்பு தப்பு, பச்சை தப்பு. பொய் சொல்கிறவன் நீலத்தை மட்டும் ஏன் ஒழுங்காகச் சொல்லவேண்டும்? எல்லாவற்றையும் அல்லவா அள்ளிவிட்டிருப்பான். மங்கையின் கை டம்ளருக்குள்ளேயே நின்றுவிட்டது. கிரேயான். கிரேயான் மேல் சுற்றியிருக்கிற காகிதத்தை உரிப்பது அவளுக்கு ஒரு சுகம், அவன் அதற்குத்தான் அவளைக் குட்டுவான். "உரிக்காதடி, பேரு போயிடும்!" பேரைப் படித்துத்தான் எடுப்பான். பேர் கிழிந்துபோன கிரேயானைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், "இது என்னது, நீ சொல்லு பார்ப்போம்" என்று அவளிடமே கேட்பான். டீச்சர் மாதிரி சோதிக்கிறான் என்று நினைத்து அவள் பெருமையாகச் சொல்லுவாள், பிரவுன்! பச்சை! அவனும் வெரிகுட் என்பான். தக்காளி வாங்க அனுப்பினால் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்குவான். அப்படியும் பாதி காயாக இருக்கும். அம்மா, "கண்ணை எங்கடா வச்சிட்டுப் போன" என்று கத்துவாள். கண்ணை முகத்தில்தான் வைத்திருந்தான், பாவம்.

இதற்குமேல் போகவேண்டாம் என்றுதான் மங்கை நினைத்தாள், எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள், ரசம்சாதம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே நிற்கும்போது அண்ணன் போன அந்த மெடிக்கல் டெஸ்ட் தானாக நினைவில் வந்து நின்றது. ரயில்வே பரீட்சையில் அண்ணன் பாஸ். என்ஜின் டிரைவர் வேலைக்கு. பொன்மலையில் அது என்ன சாமானியமா? அப்பா கோயிலில், கடையில், சலூனில், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்கு அதுதான் பைத்தியம். மேம்பாலத்தில் அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு கைகாட்டி மரத்தைக் காட்டுவான். "கை இறங்கிடுச்சு பார், வண்டி வரப்போகுது." கை ஏறியிருந்தால் நில், இறங்கினால் போ. அதற்கு நிறம் எதற்கு? பின்னால்தான் எல்லாம் விளக்காக மாறியது. மெடிக்கலுக்குப் போனான், பாதியில் திரும்பி வந்தான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "எனக்கு என்ஜின் ஓட்டறது புடிக்கல. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான். அவ்வளவுதான். அப்பா அவனைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார். "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லுவார், அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. வேணும்னே கோட்டை விட்டான், திமிர் என்று சாகிறவரைக்கும் அவருக்கு ஆறவில்லை. அண்ணன் கணக்கு வாத்தியார் ஆனான், கரும்பலகை, வெள்ளைச் சுண்ணக்கட்டி, திருச்சியிலேயே ஒரு பள்ளிக்கூடம். அந்த மெடிக்கலில் டாக்டர் என்ன காட்டியிருப்பார் என்று படம் போடுகிற இவளுக்குத் தெரியாதா? கலர்ப் புள்ளிகளுக்கு நடுவில் எண் ஒளிந்திருக்கிற புத்தகம், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க. எல்லாருக்கும் எட்டும் மூன்றும் ஐந்தும் தெரிகிற இடத்தில் அவனுக்கு வெறும் புள்ளி தெரிந்திருக்கும். அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்திருக்கும். அவன் பொய்யே சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை மூடி யோசித்து யோசித்துத் தன் கண்ணுக்குத் தெரிந்ததை ஒரு துளி குறைக்காமல் தங்கைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய், எனக்குப் புடிக்கல என்பதுதான். மங்கை குழாயை மூடினாள். அழுகை வந்தது. நன்றாகவே வந்தது, சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து வந்து உட்கார்ந்தால் படம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை காலம் தன் பாணி, தன் கை என்று நினைத்ததெல்லாம் அண்ணன் கண். மாலை நேரத்துப் பொன்மலை அவனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும், டிக்ரூஸ் ஆன்ட்டி தோட்டத்து ரோஜாவெல்லாம் அவனுக்குப் பழுப்பாக, இலையோடு இலையாக. அம்மா நெற்றியில் இருந்த குங்குமம்? அதை எப்படிப் பார்த்திருப்பான்? ஒன்று இருந்தது தெரியும், கறுப்பாக ஏதோ. இந்த உலகத்தில் யாரும் அவன் பார்ப்பதைப் பார்த்ததில்லை, இந்தக் காகிதத்தைத் தவிர. இதைத்தான் தேய்த்து எடுக்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் அண்ணன் அப்பாவிடம்கூடச் சொல்லாததை அக்ஷதாவிடமும் அவள் மேலதிகாரியிடமும் பரப்பி வைக்கவேண்டும், அதை வைத்து விளம்பரமே செய்வார்கள், மனதைத் தொட்ட கதை என்று. வேலையை விட்டுவிடலாம். விட்டால் பஸ் ஸ்டாப்பில் எல்லாம் வேறு யாரோ வரைந்த ககனமாறன் நிற்பான். திருச்சியில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அண்ணன் அதைத்தான் பார்ப்பான். சிவப்பாக்கலாம். சிவப்பாக்கினால் அவன் பார்ப்பானே, பார்த்து, பாப்பாவும் கடைசியில் திருத்திவிட்டாள் என்று, ஒன்றும் சொல்லமாட்டான், ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சாப்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். மூன்று வழியும் முட்டுச்சந்து. பிரஷ் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு நின்றது, துண்டின் ஓரத்தில் விழப்போனது, மங்கை சட்டென்று கையை இழுத்து அதைத் தன் சுடிதாரில் துடைத்தாள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வேறு வழி தெரியாமல் அவனுக்கே ஃபோன் போட்டாள்.

"என்ன பாப்பா, சனிக்கிழமையிலயே கூப்பிடறே. சாப்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. பேப்பர் திருத்திட்டிருக்கேன். ஒரு புண்ணியவான் முக்கோணத்துக்கு நாலு கோணம் போட்டு நாலுக்கும் அளவு எழுதியிருக்கான்." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "என்னம்மா? குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அண்ணா, ககனமாறன் முதுகுத்துண்டு என்ன கலரு?"

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுவது கேட்டது. பேப்பர் ஒன்று பறந்து அவன் அதைப் பிடித்து வைப்பதும் கேட்டது. "பாசி," என்றான். அப்புறம் மெதுவாக, "ஒரிஜினலைப் பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"சிவப்புதானே?"

மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"மெடிக்கலுக்குப் போயிட்டு வந்தப்புறம் யோசிச்சேன். உலகத்துல எந்தத் தையக்காரனாவது வீரனுக்குப் பாசி கலர்ல துண்டு தைப்பானா? சிவப்பாத்தான் இருந்திருக்கணும். கணக்குதான், வேற என்ன." குரலில் வருத்தம் இல்லை, விடை சரியா என்று பார்க்கிற வாத்தியார் குரல். "கண்டுபிடிச்சிட்டே. சரி. இதுக்கா அழுதே?"

"ஏன்ணா சொல்லல? அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. கடைசி வரைக்கும் அவர் உன்னை..."

"அப்பாகிட்டச் சொன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா? இன்னொரு மெடிக்கல் வைங்க, இன்னொரு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்கன்னு ஒவ்வொரு ஆபீசர் வீட்டு வாசலா நின்னிருப்பார். எனக்கு அவரைத் தெரியும். கோவிச்சுக்கிட்ட அப்பாவோட இருந்துடலாம் பாப்பா. கெஞ்சற அப்பாவைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

"எங்கிட்ட?"

பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. "நீ அப்ப எந்தப் போட்டிக்குப் போனாலும் பிரைஸ் வாங்கிட்டு வந்தே. எல்லாம் நான் சொன்ன கலரு. தப்புன்னு தெரிஞ்சா பிரஷ்ஷைக் கீழ வச்சிடுவியோன்னு இருந்திச்சு. அப்புறம் சொல்ல நேரம் வரல. அப்படியே போயிடுச்சு."

மங்கை எல்லாவற்றையும் கொட்டினாள், அக்ஷதா, நாலு மணி, பிரின்ட்டு, பச்சையைத் தேய்த்து எடுக்கவேண்டியது, எடுக்க முடியாதது. "அது நீ பார்த்தது, அதை என் கையாலயே கழுவச் சொல்றாங்க. மாட்டேன். அவங்க வேலையே வேண்டாம் எனக்கு."

"அட பைத்தியமே!" அண்ணன் நிஜமாகவே சிரித்துவிட்டான். "இதுக்கா இத்தனை? சிவப்பாவே போடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். இதுவரை இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை போலிருக்கிறது, பெண்டாட்டியிடம்கூட. "ஃபோனைப் பக்கத்துலயே வச்சிரு, படம் ஒண்ணு அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மங்கை வைத்தாள்.

கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் முதலில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. பக்கத்தில் அந்தப் பழைய பாசி, இனிமேல் கலக்கவே போவதில்லை என்று தெரிந்தும் பார்த்துப் பார்த்துக் கலந்தாள். அதற்கடுத்து மிளகாய்ப்பழச் சிவப்பு. கடைசியில் ரோஜாச் சிவப்பு. பட்டைகள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் படம் பிடித்து அனுப்பினாள். இதில் எது எது ஒன்று, பார்த்துச் சொல் என்று எழுதினாள். அவன் பார்த்தான், டிக் நீலமாக மாறியது. எழுத ஆரம்பித்தான், நிறுத்தினான், மறுபடி ஆரம்பித்தான், கடைசியில் வாய்ஸ் மெசேஜே வந்தது. "என்ன பாப்பா, எனக்கே பரீட்சை வைக்கிறியா? முதல் பட்டை வேற. கடைசி வேற. நடுவுல இருக்கற ரெண்டும் ஒரே கலரு. ஒண்ணையே எதுக்கு ரெண்டு தடவ பூசி வச்சிருக்கே?"

மங்கை அதை இன்னொரு தடவை கேட்டாள். பிறகு பிரஷ்ஷை நனைத்து, படத்தில் முதுகுத்துண்டின் ஓரத்திலிருந்து பாசியைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தாள், மிளகாய்ப்பழச் சிவப்பு இருந்த மூன்றாவது கிண்ணத்தைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு.